இருதயச் செயலிழப்பு: தோட்டத்தில் ஒட்டப்போகும் துண்டுப் பிரசுரத்தில் பிழை பிடித்துத் தாருங்கள்

கொழுந்துக்கூடை | ஞாயிறு, இரவு 7.40

மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சுகாதாரக் குழுவுக்காக ஒரு பக்கப் பிரசுரம் எழுதுகிறோம். கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்), பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளைப் பார்க்கும் இடம்), கோயில் மண்டபம், மூன்று இடத்திலும் ஒட்டுவதாக உத்தேசம். வரைவு இது:

அ) இருதயச் செயலிழப்பு என்றால் இருதயம் திடீரென்று நின்றுபோவது.
ஆ) மூச்சு முட்டுகிறவரைப் படுக்க வைத்து, கம்பளியால் போர்த்தி, உடனே வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லவும்.
இ) தண்ணி மாத்திரையை (சிறுநீரைக் கூட்டி உடம்பு நீரை இறக்குவது) காலையில் போடவும்.
ஈ) உப்பைக் குறைத்து, தண்ணீர் நிறையக் குடிக்கவும்.
உ) கால் வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்தலாம்.

தெரிந்தவர்கள் தயங்காமல் வெட்டுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.

நாடித்துடிப்பு | ஞாயிறு, இரவு 8.15

அ, ஆ, உ மூன்றும் பிழை. ஈ பாதி பிழை. இ புத்தகப்படி சரி, மலையில் சரிவராது. அதைப் பிறகு பேசுவோம்.

"செயலிழப்பு" என்ற சொல்லே ஆளை மிரட்டுகிற சொல். இந்த வருத்தத்தில் இருதயம் நிற்பதில்லை, அடித்துக்கொண்டேதான் இருக்கும். உடம்பு கேட்கிற அளவுக்குக் குருதியைத் தள்ள முடியாமல் போகிறது. தள்ளினாலும் உள்ளே அமுக்கம் தாறுமாறாக ஏறினால்தான் தள்ள முடிகிறது. மூன்று விஷயத்தை ஊரில் ஒன்றாகக் குழப்புகிறார்கள். மாரடைப்பு என்பது இருதயத் தசைக்கே குருதி கொடுக்கும் முடியுரு நாடி ஒன்று அடைபட்டு, அதற்குக் கீழே உள்ள தசைத் துண்டு பட்டுப்போவது. இருதய நிறுத்தம் என்பது மின்துடிப்புக் குழம்பி, நின்ற இடத்திலேயே ஆள் சுருண்டு விழுவது. செயலிழப்பு பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. முதலாவதால் மூன்றாவது வரலாம், மூன்றாவது இரண்டாவதில் போய் முடியலாம்.

விழுந்து கிடப்பவருக்கு நெஞ்சை அமுக்கும் முறை (நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம்) வேறு ஒரு தாளில் வரட்டும். இதில் போட்டால் மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கிறவரின் நெஞ்சிலும் யாராவது கையை வைத்துவிடுவார்கள்.

சோணையறை | ஞாயிறு, இரவு 9.02

படம் போடுவதாக இருந்தால் இப்படி விளக்கலாம். இருதயம் என்பது ஒரே சுவரைப் பங்குபோட்ட இரண்டு பம்ப், லயத்துக் காம்பராக்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மாதிரி. வலப்பக்கத்துக் காம்பரா உடம்பிலிருந்து திரும்பி வரும் குருதியை வாங்கிச் சுவாசப்பைக்கு அனுப்புகிறது. பக்கத்திலேயே இருப்பதால் அதற்கு 25 மில்லிமீற்றர் இரச அமுக்கம் போதும். சுவரும் மூன்று, நான்கு மில்லிமீற்றர்தான். இடப்பக்கம் தலை உச்சிக்கும் கால் பெருவிரலுக்கும் தள்ளவேண்டும். அதனால் 120 அமுக்கம், ஒரு சென்ரிமீற்றர் தடிப்புச் சுவர். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே சோணையறை, கீழே இதயவறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு (வலத்தில் முக்கூர், இடத்தில் இருகூர்), வெளிவாசலில் ஒரு அரைமதி வால்வு. நான்கும் ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவுகள்.

ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 70 துடிப்பு. பெருக்கினால் கிட்டத்தட்ட ஐந்து லீற்றர், அதாவது உடம்பில் இருக்கிற மொத்தக் குருதியும் நிமிடத்துக்கு ஒரு சுற்று வந்துவிடுகிறது.

இனி முக்கியமான இடம். இரண்டு பம்பும் தொடராக இருப்பதால் இரண்டும் ஒரே அளவு தள்ளியாக வேண்டும். இடப்பக்கம் துடிப்புக்கு ஒரே ஒரு மில்லிலீற்றர் குறைவாகத் தள்ளுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 70 மில்லிலீற்றர் சுவாசப்பையில் தேங்கும். பத்து நிமிடத்தில் ஒரு போத்தலுக்குக் கிட்ட. நல்ல இருதயத்தில் இது நடப்பதில்லை. தேங்கிய குருதி இடது இதயவறையைக் கொஞ்சம் கூட இழுக்கும், இழுபட்ட தசை அடுத்த துடிப்பில் கூடிய பலத்தோடு சுருங்கும், கணக்கு நேராகிவிடும். தளர்ந்த தசையிடம் அந்தக் குணம் போய்விடுகிறது. இழுபடும், திரும்பச் சுருங்காது. பழைய பாவாடை இலாஸ்டிக் மாதிரி. அப்போது தேங்கியது தேங்கியபடி இருந்து, சுவாசப்பையின் நுண்குழாய்களில் அமுக்கம் ஏறி, காற்றறைக்குள் நீர் கசியத் தொடங்கும். மூச்சு முட்டுவது அதனால்தான். வலப்பக்கம் தளர்ந்தால் தேக்கம் உடம்புப் பக்கம் வரும்: கால், ஈரல், வயிறு.

மேல்கணக்கு | ஞாயிறு, இரவு 9.20

சோணையறை சேர், ஒரு கேள்வி. எக்கோத் துண்டில் (இருதய ஸ்கேன் அறிக்கை) "இஎஃப் 27%" என்று இருக்கும். நூற்றுக்கு 27 பங்குதான் வேலை செய்கிறது என்றா அர்த்தம்? அதைப் பார்த்துவிட்டு வீட்டார் அழுகிறார்கள், நோயாளி எழும்பி நடந்து தேத்தண்ணி ஊற்றுகிறார்.

சோணையறை | ஞாயிறு, இரவு 9.48

இல்லை. நல்ல இருதயத்துக்கே அந்த எண் 100 வராது. 55 முதல் 70 வரைதான். நிரம்பிய இதயவறையில் எத்தனை பங்கை ஒரு துடிப்பு வெளியே தள்ளுகிறது என்பதுதான் இஎஃப். 120 மில்லிலீற்றர் நிரம்பி 70 வெளியேறினால் 58%. தளர்ந்து ஊதிப்போன இதயவறையில் 220 நிரம்பி 60 வெளியேறினால் 27%. வெளியே போகும் அளவைப் பாருங்கள்: 70 எங்கே, 60 எங்கே? பெரிய வித்தியாசமில்லை. அதனால்தான் அவர் நடக்கிறார். ஆனால் ஊதிய பலூனின் சுவர்போல, அகலம் கூடக்கூட அதே அமுக்கத்துக்குச் சுவர் தாங்கவேண்டிய இழுவிசையும் கூடுகிறது. தசை இன்னும் தளர்கிறது. படிக்கட்டு ஏறினால் 70ஐ 100 ஆக்குவதற்குக் கையிருப்பில் ஒன்றுமில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 40க்குக் கீழே என்றால் சுருங்கும் பலம் குறைந்த வகை. 50க்கு மேலே இருந்தும் செயலிழப்பு வரலாம். வருடக்கணக்காகப் பிரசர், சீனி வருத்தம் (நீரிழிவு), வயது, இவற்றால் சுவர் விறைத்து, நிரம்புவதற்கு இடம் கொடுக்காத வகை அது. "இஎஃப் 60, இருதயம் நல்லம்" என்று திருப்பி அனுப்பப்பட்டு மூச்சு வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் இந்தக் கூட்டம். வயதான பெண்களில் அதிகம்.

நாடித்துடிப்பு | ஞாயிறு, இரவு 10.05

இதோடு சிறுநீரகத்தின் தப்புக்கணக்கையும் சேருங்கள். குருதி ஓட்டம் குறைந்ததும் சிறுநீரகம் "இந்த ஆளுக்கு உடம்பில் நீர் வற்றிவிட்டது" என்று முடிவுகட்டி, உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. நரம்பு மண்டலம் குழாய்களை இறுக்கி, துடிப்பைக் கூட்டுகிறது. காயம்பட்டு இரத்தம் போகிறவருக்கு இதுதான் உயிர்காக்கும் வழி. இருதயம் தளர்ந்தவருக்கு இதுவே சுமை. கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரைகளில் முக்கால்வாசி இருதயத்தை உதைத்து எழுப்புகிற மாத்திரைகள் அல்ல, இந்தத் தப்புக்கணக்கைத் தடுக்கிறவை. உ) வரி ஏன் ஆபத்து என்று இப்போது விளங்கும்.

லயத்து விளக்கு | திங்கள், காலை 6.30

இவ்வளவும் நல்லது. ஆனால் பிரசுரத்தைப் பார்க்கிறவருக்கு வேண்டியது "இது எனக்கு இருக்கிறதா" என்பதுதானே. லயத்தில் இந்த வருத்தம் வேறு பெயர்களில் உலாவுகிறது.

"குளிருக்கு இழுப்பு." இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழும்பி, கதவைத் திறந்து வாசலில் போய் உட்காருவார். பத்து, இருபது நிமிடத்தில் லேசாகும். ஆஸ்துமா என்று பம்ப் அடிக்கிறார்கள். வயது 50 தாண்டிய பிறகு முதன்முதலாக வருகிற "இழுப்பை" இருதயம் என்றே சந்தேகிக்க வேண்டும். படுத்தால் கூடி, உட்கார்ந்தால் குறைகிறதா என்று கேளுங்கள். எத்தனை தலையணை என்று கேட்பதில் பயனில்லை, பல வீட்டில் பாயும் ஒரு தலையணையும்தான். "சுவரில் சாய்ந்து தூங்குகிறாரா, மடித்த கம்பளியைத் தலைக்கு வைக்கிறாரா" என்று கேட்டால் பதில் வரும்.

"கேஸ்ட்ரைட்டிஸ்." ஈரலில் குருதி தேங்கி வலது விலாவுக்குக் கீழே பாரம், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பின மாதிரி, பசியே இல்லை. மாதக்கணக்கில் வாயுவுக்கு மருந்து போகும்.

"சீனி." பகலில் காலில் இறங்கிய நீர் இரவில் படுத்ததும் குருதிக்குத் திரும்புவதால் இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் போகும்.

"நின்று வேலை செய்ததால் கால் வீக்கம்." கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் பெருவிரலால் பத்து வினாடி அமுக்கி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர். இரண்டு காலிலும் இருக்கும். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது நாளத்தில் குருதிக்கட்டியாக இருக்கலாம்; அன்றைக்கே காட்டவேண்டும்.

பனிமூட்டம் | திங்கள், காலை 7.10

மலையில் எல்லாருக்கும் மூச்சு வாங்கத்தானே செய்யும்? நுவரெலியாவில் ஒட்சிசனே குறைவு.

நாடித்துடிப்பு | திங்கள், மதியம் 12.40

காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கேயும் 21%தான். 1868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80% என்பதால், ஒரு மூச்சுக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கொழும்பிலிருந்து வருகிறவருக்கு முதல் இரண்டு நாள் படி ஏறுவது கஷ்டமாக இருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவரின் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. போன வருடம் ஏறிய அதே ஏற்றத்தில் இந்த வருடம் இரண்டு இடத்தில் நிற்கிறார் என்றால் மலை உயரவில்லை, இருதயம் இறங்கியிருக்கிறது. இரத்தச்சோகையும் அப்படிச் செய்யும். எங்கள் பெண்களில் அது தாராளம். ஹீமோகுளோபினையும் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, குளிரில் விறைத்த விரலில் ஒட்சிமீற்றரை (குருதியின் ஒட்சிசனை அளக்கும் கருவி) மாட்டி 86 என்று பார்த்துப் பதறாதீர்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்து, அரை நிமிடம் பொறுத்து வாசியுங்கள். அப்போதும் 90க்குக் கீழே என்றால் பதறலாம்.

லயத்து விளக்கு | திங்கள், மதியம் 1.05

ஆ) வரிக்கு வருகிறேன். அதை ஒட்டினால் ஆள் செத்துப்போவார், பகிடி இல்லை.

சுவாசப்பையில் நீர் நிறைந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் காலிலும் வயிற்றிலும் உள்ள குருதி சரசரவென்று நெஞ்சுக்குத் திரும்பும். லயத்திலிருந்து லொறிப் பாதைக்குக் கம்பளியில் தொட்டில் கட்டித் தூக்குவது வழக்கம். கால் முறிந்தவருக்கு அது பரவாயில்லை. இவருக்குக் கதிரை வேண்டும். கை வைத்த பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, கால் கீழே தொங்க, இடுப்பை ஒரு சேலையால் கதிரை முதுகோடு சேர்த்துக் கட்டுங்கள். நெஞ்சுக்குக் குறுக்கே கட்டக்கூடாது. இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால். இறக்கத்தில் போகும்போது கதிரை முன்னால் சாயாமல் பிடியுங்கள். சாய்ந்தால் அவர் முன்னால் சரிந்துவிடுவார். மழை நாளில் படி வழுக்கும், ஒருவர் வெறுங்கையோடு கீழே முன்னால் நடந்து படியைச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். அவரை நடக்கவிடாதீர்கள், "மெதுவா ரோட்டு வரைக்கும் வந்துருங்க" என்பதும் வேண்டாம். குடிக்கவும் ஒன்றும் கொடுக்காதீர்கள். இளஞ்சிவப்பு நுரை வாயில் வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால் காத்திருக்க நேரமில்லை.

த்ரீவீலில் ஏற்றினாலும் நிமிர்த்தி உட்காரவையுங்கள். பின் சீட்டில் குறுக்கே படுக்கப்போடுவது இன்னொரு வழக்கம்.

நாடித்துடிப்பு | திங்கள், மதியம் 1.30

விளக்கு சொன்னதற்கு மேல் ஒரு வரி. நெஞ்சை இறுக்கிப் பிழிகிற வலி கையிலோ தாடையிலோ ஏறி, வியர்த்துக்கொட்டி, 15 நிமிடத்துக்கு மேல் நின்றால் அது மாரடைப்பு என்றே எடுத்து, ஒவ்வாமையோ இரத்தப்போக்கோ இல்லாதவருக்கு அஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கக் கொடுக்கலாம். குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் 12 மணித்தியாலம்தான் கணக்கு; அதிலும் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போட்டால் காப்பாற்றும் தசை அதிகம். விடியட்டும் என்று இருந்தவர்கள்தான் ஆறு மாதம் கழித்துச் செயலிழப்பு கிளினிக்குக்கு வருகிறார்கள்.

மருந்துத்துண்டு | திங்கள், இரவு 8.20

இ) வரி. இதைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. தண்ணி மாத்திரையான ஃபுரோஸமைட் 40 மில்லிகிராம் விழுங்கி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும், ஒன்று இரண்டு மணியில் உச்சம், ஆறு மணித்தியாலம் வரை இழுக்கும். கொழுந்து மலையில் மலசலகூடம் இல்லை. காலை ஏழரைக்குப் போட்டுவிட்டு எட்டு மணிக்கு நிரையில் நிற்கிற பெண் என்ன செய்வாள்? மாத்திரையை விட்டுவிடுவாள், இல்லாவிட்டால் தண்ணீரே குடிக்காமல் நிற்பாள். கிளினிக்கில் "ஒழுங்காப் போடுறியா" என்றால் "ஓம்" என்பாள். வைத்தியர் மாத்திரை போதவில்லை என்று அளவைக் கூட்டுவார்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அடுப்பு மூட்ட எழும்பும் நாலரை மணிக்கே போடுவது. ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் பெரும்பகுதி போய்விடும், பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போது அநேகமாக முடிந்திருக்கும். மற்றது, மாலைக் கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்ததும் போடுவது. நாலு, நாலரைக்குப் போட்டால் இரவு பத்துக்குள் ஓய்ந்துவிடும். ஆறு மணிக்கு மேல் போட்டால் தூக்கம் போச்சு, இருட்டில் வெளி மலசலகூடத்துக்கு இறங்கி விழுகிற ஆபத்தும் உண்டு. கிளினிக் நாளில், பஸ் பயணத்தில் நேரத்தை மாற்றலாம். ஆனால் ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடக்கூடாது. கிளினிக் கொப்பியில் அந்த நேரத்தை எழுதித் தரும்படி கேளுங்கள்.

மேல்கணக்கு | திங்கள், இரவு 8.45

அண்ணே, இதை ஆம்பிள வைத்தியரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

மருந்துத்துண்டு | திங்கள், இரவு 9.10

அதனால்தான் தாளில் வரவேண்டும் என்கிறேன். "வேலை நேரத்துக்கு ஏற்ப மாத்திரை நேரத்தை மாற்றித் தரும்படி மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்கலாம்" என்று ஒரு வரி. காரணத்தை எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும்.

மற்ற மாத்திரைகள். தண்ணி மாத்திரை வீக்கத்தையும் மூச்சுமுட்டலையும் குறைக்கிறது. ஆயுளைக் கூட்டுவது அதோடு வருகிற நான்கு கூட்டம். எனலாபிரில், லொசார்டன் ஒரு கூட்டம்; கடுமையான செயலிழப்பில் எனலாபிரில் உயிர்காக்கிறது என்று 1987இல் நிரூபணமானது. பிசோப்ரோலோல், கார்வெடிலோல் இரண்டாவது. ஸ்பைரனோலக்டோன் மூன்றாவது, 1999இல் நிரூபணமானது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் நான்காவது. சீனி வருத்தத்துக்கு வந்தவை, சீனி இல்லாத இருதய நோயாளிக்கும் டபாகிளிஃப்ளோசின் பயன் என்று 2019இல் தெரிந்தது, இப்போது அவர்களுக்கும் கொடுக்கிறார்கள். "எனக்குச் சீனி இல்லையே, மாறித் தந்துட்டாங்க" என்று வீசிவிட வேண்டாம்.

எங்கே பிசகுகிறது என்றால்:

எனலாபிரில் வறட்டு இருமலைத் தரும். சளி இல்லாத, இரவில் கூடுகிற இருமல். இருமல் பாணி வாங்கிக் குடிக்காமல் போய்ச் சொன்னால் லொசார்டனுக்கு மாற்றுவார்கள். உதடு, நாக்கு வீங்கினால் அது வேறு, அன்றோடு நிறுத்தி அவசரமாகப் போகவேண்டும்.

கார்வெடிலோல் 3.125 மில்லிகிராம் இரண்டு வேளையில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருதரம் இரட்டிப்பாக்குவார்கள். தொடக்கத்தில் களைப்பு கூடும். அதற்குப் பயந்து விடுகிறவர்கள்தான் அதிகம். திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும். உண்மையான ஆஸ்துமாக்காரருக்குக் கார்வெடிலோல் கூடாது. ஒரு காலத்தில் இந்தக் கூட்டமே தளர்ந்த இருதயத்துக்கு விஷம் என்று புத்தகத்தில் இருந்தது, இப்போது முதல் வரிசையில் நிற்கிறது. காரணம் எளிது: முடியுரு நாடிகளில் குருதி நிறைவது பெரும்பாலும் இருதயம் தளரும் இடைவெளியில். 70 துடிப்பில் ஒரு சுற்றுக்கு 0.85 வினாடி, 140இல் 0.43. வெட்டுப்படுவது அதிகமும் அந்த இடைவெளிதான்.

ஸ்பைரனோலக்டோனும் எனலாபிரிலும் சேர்ந்தால் குருதியில் பொட்டாசியம் ஏறலாம். தொடங்கி ஒன்று இரண்டு வாரத்தில் குருதிச் சோதனை கட்டாயம், 5.5க்கு மேல் போனால் அளவு குறையும், 6க்கு மேல் நிறுத்தம். இந்த இரண்டையும் போடுகிறவர் நாள்தோறும் தம்பிலி (செவ்விளநீர்) குடிப்பதும், "இருதயத்துக்கு நல்லது" என்று விற்கிற பொட்டாசிய உப்பை வாங்குவதும் வேண்டாம்.

வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் என்று சாப்பிட முடியாத நாளில் தண்ணி மாத்திரை, எனலாபிரில், ஸ்பைரனோலக்டோன், டபாகிளிஃப்ளோசின் நாலையும் பற்றி அன்றைக்கே கேளுங்கள். உடம்பில் நீரில்லாத நேரத்தில் இவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கடையில் தானாக வாங்குவதில் மோசமானது இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென். கூடை சுமக்கிற முதுகுக்கு ஒரு சீட்டு வாங்கிப் போட்டு, நாலாவது நாள் கால் வீங்கி வருவார்கள். அவை சிறுநீரகத்தை உப்புப் பிடிக்க வைக்கின்றன, தண்ணி மாத்திரையை மழுங்கடிக்கின்றன. பரசிட்டமோல் போடலாம், ஆனால் தண்ணீரில் நுரைத்துக் கரைகிற வகை வேண்டாம். ஒரு மாத்திரையில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம். அதிமதுரம் போட்ட கசாயமும் நாள்பட்டால் உப்பைப் பிடித்துப் பொட்டாசியத்தை இறக்கும்.

அடுப்படி | செவ்வாய், காலை 10.15

உப்புக்கு நான் வருகிறேன். "உப்பைக் குறைக்கவும்" என்று எழுதினால் ஒருவரும் குறைக்க மாட்டார்கள், ஏனென்றால் எல்லாரும் கொஞ்சமாகத்தான் போடுவதாக நினைக்கிறார்கள். பக்கெட்டை எண்ணச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். மாதம் ஒரு கிலோப் பக்கெட் முடிகிறதென்றால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல். கருவாடும் மாசியும் அஜினோமோட்டோவும் இந்தக் கணக்குக்கு வெளியே.

மலைக்குக் கொண்டுபோகிற ரொட்டியும் கட்ட சம்பலும்தான் பெரிய இடம். ரொட்டி மாவில் உப்புப் போட்டு, சம்பலிலும் போட்டால் இரட்டைக் கணக்கு. ரொட்டியில் உப்பை விட்டுவிட்டு வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ கூட்டிச் சுடுங்கள். சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டி உப்பைப் பாதியாக்கினால் நாக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். கருவாட்டைச் சுடுதண்ணியில் ஊறவைத்து இரண்டு தரம் ஊற்றினாலும் உப்பு முழுதாகப் போகாது, நோயாளிக்கு வேண்டாம். சாயத்தண்ணியில் உப்புப் போட்டுக் குடிக்கிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். களைப்புக்கு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புத்தூள்) கரைத்துக் குடிப்பதும் உப்புத்தான்.

பனிமூட்டம் | செவ்வாய், காலை 11.00

தண்ணீர் எவ்வளவு? எங்கள் பக்கத்தில் ஒரு லீற்றருக்கு மேல் கொடுக்கவே மாட்டார்கள், நோயாளி நாக்கு வறண்டு கிடப்பார்.

நாடித்துடிப்பு | செவ்வாய், மதியம் 12.50

அதுவும் அளவுக்கு மிஞ்சியதுதான். நிலையாக, வீக்கமில்லாமல் இருப்பவர் தாகத்துக்குக் குடிக்கலாம். "உடம்புக்கு நல்லது" என்று வலிந்து குடிக்கக்கூடாது. கடுமையாக நீர் கோத்தவருக்கும், சோடியம் இறங்கியவருக்கும்தான் 1.5 முதல் 2 லீற்றர் என்று கட்டுப்பாடு. அதில் தேத்தண்ணி, கஞ்சி, ரசம் எல்லாம் அடங்கும். அளக்கிற வழி: காலையில் ஒன்றரை லீற்றர்ப் போத்தலை நிரப்பி வையுங்கள். எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து வாளியில் ஊற்றிவிடுங்கள். போத்தல் காலியானால் அன்றைய பங்கு முடிந்தது.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரியது நிறை பார்ப்பது. காலையில் எழும்பி, சிறுநீர் கழித்து, தேத்தண்ணிக்கு முன், அதே உடுப்போடு. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்போ சதையோ இல்லை, இரண்டு லீற்றர் நீர். மூச்சு முட்டுவதற்கு நாலைந்து நாள் முன்னமே தராசு சொல்லிவிடும்.

மேல்கணக்கு | செவ்வாய், மதியம் 1.10

தராசு என்றதும் மடுவத்துத் தராசு ஞாபகம் வருகிறது. அதில் ஏறினால் இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள்.

லயத்து விளக்கு | செவ்வாய், மதியம் 1.25

😄 அதனால்தான் குளியலறைத் தராசு ஒன்றை லயத்துக்குப் பொதுவாகப் பிள்ளைக்காம்பராவில் வைக்கலாம். சிமெந்துத் தரையில் வைக்கவேண்டும், பாயின் மேலோ சாக்கின் மேலோ வைத்தால் தப்பாகக் காட்டும். தராசே இல்லாத வீட்டில் ஒரு தடித்த நூலைக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே சுற்றி, முனை வந்து சேரும் இடத்தில் அடையாளமாக ஒரு முடிச்சுப் போட்டு, எடுத்து ஆணியில் மாட்டி வையுங்கள். காலையில் சுற்றிப் பார்க்கும்போது முனை முடிச்சுக்கு எட்டவில்லை என்றால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். கிலோ தெரியாது, ஆனால் திசை தெரியும்.

குடும்பநலம் | செவ்வாய், இரவு 7.30

எல்லாரும் கிழவர் கிழவிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். இளம் பெண்களையும் எழுதுங்கள்.

நெருக்கமான காம்பராவில் ஒரு பிள்ளைக்குத் தொண்டைநோ வந்தால் எல்லாருக்கும் வரும். அதில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி இருந்து, ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு மூட்டாக மாறிமாறி வீங்கினால் வாதக் காய்ச்சல். மூட்டுச் சுகமாகிவிடும், இருகூர் வால்வு சுகமாகாது. வருடம் போகப்போக அதன் இதழ்கள் ஒட்டித் தடித்து, 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றராக இருந்த வாசல் 1.5க்குக் கீழே சுருங்கும். 20, 25 வயது வரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. கர்ப்பமானதும் உடம்பில் குருதி 40, 50% கூடும், துடிப்பும் கூடும். ஒடுங்கிய வாசலால் அவ்வளவும் போக நேரம் போதாது. ஏழாம் மாதம் இருமலும் மூச்சுமுட்டலுமாக வருவாள். "வயிறு பெருசு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். இலங்கையில் தாய்மார் இறப்புக்கு முன்னணிக் காரணங்களில் இருதய நோய் ஒன்று. முதல் கிளினிக்கிலேயே நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒடுங்கிய வால்வைத் தொடை நாளம் வழியாகப் பலூன் விட்டு விரிக்க முடியும், பொருத்தமான வால்வாக இருந்தால் நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை.

வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பென்சதீன் பெனிசிலின் ஊசி, வளர்ந்தவருக்கு 12 இலட்சம் அலகு, குறைந்தது பத்து வருடம் அல்லது 21 வயது வரை, இரண்டில் எது நீளமோ அது. வால்வு கெட்டிருந்தால் இன்னும் நீளும். ஊசி வலிக்கும். பள்ளிக்கூடம் மாறும்போதும், கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும்போதும் இந்த ஊசி அறுந்துபோகிறது. கொப்பியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

பிள்ளை பெற்ற பிறகும் விடக்கூடாது. கடைசி மாதத்திலிருந்து பிரசவித்து ஐந்து மாதத்துக்குள் புதிதாக மூச்சு முட்டினால், படுக்க முடியாவிட்டால், இருதயத் தசையே தளர்ந்திருக்கலாம். வால்வு நன்றாக இருக்கும், எக்கோவில்தான் பிடிபடும்.

நாடித்துடிப்பு | செவ்வாய், இரவு 8.00

குடும்பநலம் அக்கா சொன்னது ஒரு வரியாவது முன்பக்கத்தில் வரவேண்டும்.

கசிப்பையும் (கள்ளச் சாராயம்) சேருங்கள். வருடக்கணக்கான குடி நேரடியாகவே தசையை ஊதவைக்கும். சோறு குறைத்துக் குடிக்கிறவருக்கு விட்டமின் பி1 வற்றி இன்னொரு வகைச் செயலிழப்பு வரும்: கால் வீங்கியிருக்கும், ஆனால் கை சூடாக, நாடி வேகமாக. அதற்குத் தயமின் ஊசி போட்டால் ஓரிரு நாளில் மாற்றம் தெரியும். குடியால் ஊதிய இருதயமும் முற்றாக விட்டால் பலருக்குத் தேறுகிறது, சில மாதத்தில் இஎஃப் ஏறுவதை எக்கோவில் காணலாம். குறைப்பது போதாது.

பனிமூட்டம் | செவ்வாய், இரவு 8.20

மாத்திரைக்கும் அடங்காவிட்டால்? இருதயம் மாற்றுவது நம் நாட்டில் உண்டா?

சோணையறை | செவ்வாய், இரவு 8.55

உண்டு. 2017 ஜூலையில் கண்டி வைத்தியசாலையில்தான் இலங்கையின் முதல் இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. ஆனால் மூளைச்சாவு அடைந்தவரின் இருதயம், குருதி இனம், உடம்பு அளவு எல்லாம் பொருந்தவேண்டும். எடுத்த இருதயத்தைச் சுமார் நான்கு மணித்தியாலத்துக்குள் வைத்துத் தைக்க வேண்டும். பிரசுரத்தில் எழுதுகிற விஷயமில்லை. எழுதினால் எல்லாரும் அதையே கேட்பார்கள், காலை நிறையைப் பார்க்க மாட்டார்கள்.

கொழுந்துக்கூடை | புதன், காலை 6.10

எல்லாருக்கும் நன்றி. அ, ஆ, உ போய்விட்டன. கதிரைப் படம் ஒன்றை எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரைகிறான். இடம்தான் காணாது, ஒரே பக்கம். கடைசி வரியாக "1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்கவும், இலவசம்" என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

லயத்து விளக்கு | புதன், காலை 6.45

அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி வேண்டும். எங்கள் தோட்டங்களுக்கு இரண்டு பெயர், நாம் கூப்பிடுகிற தமிழ்ப் பெயர் ஒன்று, கடதாசியில் உள்ள ஆங்கிலப் பெயர் ஒன்று. அழைப்பை எடுக்கிறவருக்குத் தமிழ்ப் பெயர் தெரியாது. தோட்டத்தின் மேல்கணக்கு, கீழ்க்கணக்குப் பிரிவு என்றாலும் விளங்காது. ஆகவே ஒட்டுகிற ஒவ்வொரு தாளிலும் அந்த இடத்துக்குரிய ஆங்கிலப் பெயர், டிவிஷன், லய இலக்கம், அம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய சந்தி, நாலையும் கையால் எழுதி விடுங்கள். பதற்றத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வராது, தாளைப் பார்த்து வாசித்தால் போதும். வாகனம் லயம் வரை ஏறாது என்றால் அதையும் போனிலேயே சொல்லிவிட்டு, கதிரையோடு சந்திக்கு இறங்கத் தொடங்குங்கள்.

சோணையறை | புதன், காலை 7.05

இடம் போதாவிட்டால் என்னுடைய இஎஃப் கணக்கை வெட்டிவிடுங்கள்.